சீதனத்தில் வந்த தீவு

எங்கள் ஊரின் பெயர் தேற்றாத்தீவு. பெயரில் தீவு இருக்கிறதே தவிர, பஸ்ஸில் வந்து இறங்கலாம். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம், அதில் ஒரு வீதி. உண்மையான தீவு ஊருக்கு மேற்கே வாவிக்குள் கிடக்கிறது. அதில் பாதி என் மனைவியின் சீதனம். மற்றப் பாதி அவளுடைய தங்கைக்கு. கலியாணம் முடித்த இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. தேங்காய் பறிக்க ஆட்கள் தோணியில் போவார்கள், பின்னேரம் தேங்காய் வந்து முற்றத்தில் குவியும். எனக்கு அந்தத் தீவு அவ்வளவுதான்.

அவள் செத்த பிறகுதான் நான் அங்கே போய் இருக்கத் தொடங்கினேன்.

அவள் செத்தது ஒரு காலை நேரம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் "தலையிடிக்கிது" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மூளைக்குள் நரம்பு வெடித்ததாம். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது துருவலையில் பாதித் தேங்காய் அப்படியே இருந்தது. யாரோ அதை எடுத்துக் கோழிக்குப் போட்டார்கள்.

நான் அழவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து குந்தி, "அழுதிடுங்க அண்ணன், நெஞ்சுக்குள்ள வைச்சிருந்தா வருத்தம் வந்திரும்" என்று கெஞ்சினாள். அவளுக்காக முயன்று பார்த்தேன். தும்மல் வருவது போல் வந்து வராமல் போகுமே, அது போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து பின்பக்கம் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

நான் அப்போது கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் வேலைக்குப் போனேன். கை ஸ்டியரிங்கில் இருந்தது, கால் மிதிக்க வேண்டியதை மிதித்தது. ஒரு நாள் நடத்துநர் பின்னாலிருந்து தகரத்தில் படபடவென்று அடித்தார். "அண்ணன், என்ன இது, ஆக்கள் கை காட்டக் காட்டப் போறிங்க!" கண்ணாடியில் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பைகளோடு பின்னால் சின்னதாகத் தெரிந்தார்கள். எத்தனை தரிப்பிடத்தைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று பின்னேரமே பஸ் முதலாளியிடம் திறப்பைக் கொடுத்து வேலையை விட்டுவிட்டேன். அவர் நல்ல மனிதர். "கொஞ்ச நாள் இருந்திட்டு வாங்க" என்றார். நான் திரும்பிப் போகவில்லை.

வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்தான் கலியாணம் முடித்து அங்கே போய் இருப்பான். நானும் அப்படி வந்தவன். மனைவிக்குப் பிறகு வீடு மகளுக்கு. அவளைக் கலியாணம் முடித்த பையனும் என்னைப் போலவே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவன்தான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மருமகன் எவ்வளவு மரியாதையான பிள்ளை என்றால், நான் விறாந்தைக்கு வந்தால் கதிரையை விட்டு எழுந்து நிற்பான். அவன் எழும்பக் கூடாதென்று நான் விறாந்தைக்கு வருவதைக் குறைத்தேன். பிறகு அறையை விட்டு வருவதையே குறைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சாள் வந்தாள். மச்சாள் என்றால் என் மனைவியின் தங்கை. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவள். அவள் அங்கே உழைத்து அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய புருஷன் வாழைச்சேனைப் பக்கம் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அதைப் பற்றி ஊருக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகளும் இல்லை. வந்தவள் என் அறை வாசலில் நின்றாள்.

"அத்தான், தீவில ரெண்டு கபானா போடப் போறன், ஆக்கள் வந்து தங்கிற குடில். வெள்ளக்காரர், கொழும்பு ஆக்கள் எல்லாம் இப்ப இப்பிடி இடந்தான் தேடுறாங்க. அக்காட பங்கும் இரிக்கி. மகளிட்டக் கேட்டுட்டன், ஓமெண்டிட்டாள். அங்க ஒரு ஆள் இரிக்க வேணும். வாறிங்களா?"

"எனக்கு என்ன தெரியும் புள்ள?"

"ஒண்டும் தெரியத் தேவல்ல. இஞ்ச சுவரப் பாக்கிறத்த அங்க ஆத்தப் பாருங்க."

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மறுநாள் ஒரு பையில் இரண்டு சாரமும் ஒரு போர்வையும் வைத்துக்கொண்டு அவளோடு தோணியில் ஏறினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் விருப்பம் வேண்டும். அதுகூட என்னிடம் இருக்கவில்லை.

அந்தத் தீவைப் பற்றிச் சொல்கிறேன். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் வாவியில், எழுவான்கரையை விடப் படுவான்கரைக்குக் கிட்டவாக இருக்கிறது. சூரியன் எழும்பும் பக்கம் எழுவான்கரை, எங்கள் ஊர்கள், வீதி, கடைகள், கோயில்கள் எல்லாம் அங்கே. சூரியன் விழும் பக்கம் படுவான்கரை, அங்கே வட்டை வட்டையாக வயல், அதற்கு அப்பால் காடு. தீவு இரண்டு கரைக்கும் சேர்ந்ததல்ல. ஒரு உலைச் சோறு வேகும் நேரத்தில் அதைச் சுற்றி நடந்துவிடலாம். வட முனை முழுவதும் கண்ணா மரம், வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நிற்கும். தென் முனையில் மணல் நாக்குப் போல் வாவிக்குள் போகும். மாரியில் அந்த மணல் தெரியாது. கோடையில் அதன் மேல் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். நடு மேட்டில் தென்னைகள், ஒரு நாவல், பழைய கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக்காரர்கள் தங்கள் மந்தையைக் காக்கும் வதனமார் தெய்வத்துக்கு என்று நட்டுவைத்த ஒரு கல். அவ்வளவுதான். போய்ப் பார்த்தவர்கள் நல்ல இடம் என்கிறார்கள். நல்ல இடந்தான்.

முதல் மாதங்கள் வேலையில் போயின. கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினோம். ஊறிய தண்ணீர் முதலில் உவர்த்தது, மூன்றாம் தடவை இறைத்த பிறகு குடிக்கலாம் போல் வந்தது. படுவான்கரையிலிருந்து மேசன் ஒருவர் வந்து சீமெந்து மேடை போட்டார். மேலே கம்பும் பின்னிய தென்னோலைக் கிடுகும். நான் கிடுகு தூக்கினேன், கயிறு பிடித்தேன், சொன்னதைச் செய்தேன். பகலில் மச்சாள் இருப்பாள். பின்னேரம் ஊருக்குப் போய்விடுவாள். நான் தென்னைக்குக் கீழே போட்ட வாடியில் படுப்பேன். வாடி என்றால் மீன்காரர்கள் கரையில் போடுவது போன்ற சின்னக் குடிசை.

கோடையில் எருமைகள் வரும். படுவான்கரையில் புல் காய்ந்து போனால் மாட்டுக்காரர்கள் மந்தையைத் தண்ணீரில் இறக்கித் தீவுக்கு நீந்த விடுவார்கள். முதல் தடவை நான் அதைப் பார்த்தது விடியற்புறம் பல் தீட்டிக்கொண்டு நின்றபோது. தண்ணீருக்கு மேல் மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய, சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம் என்னை நோக்கி வந்தது. கரையேறி, உடம்பை உதறி, மச்சாள் நட்டிருந்த செவ்வரத்தைப் பூச்செடிகளை மிதித்துக்கொண்டு போனது. நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றேன். விரட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. பத்து மணிக்கு வந்த மச்சாள் செவ்வரத்தை கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காவலுக்குத்தானே ஆள் வைச்ச நான்" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் வந்து தங்கியவர்கள் காத்தான்குடியிலிருந்து ஒரு இளம் தம்பதி. கலியாணம் முடிந்து சில கிழமைதான். வெள்ளைக்காரர் வருவார்கள் என்று காத்திருந்த மச்சாளுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அந்தப் பெண்பிள்ளை தோணியை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடியதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவர்களே பாத்திரம், இறைச்சி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். பின்னேரம் அவர்களை நான் தோணியில் ஏற்றி வட முனைக்குக் கொண்டுபோனேன்.

"இந்த மரத்துக்கு என்ன பேரு அண்ணன்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"கண்ணா."

"அது?"

"தில்லை. தொடாதிங்க, அதுட பால் கண்ணில பட்டா எரியும்."

"அந்தக் குருவி?"

"தெரியா."

"ரெண்டு கரைக்கும் நடுவில இப்பிடித் தனிய இரிக்க ஒங்களுக்குப் பயமில்லயா?"

"இல்ல."

அவளுடைய புருஷன், "பாவம், அண்ணனச் சும்மா விடு" என்றான்.   வெயில் சாய்ந்து, படுவான்கரை வயல்களுக்கு மேலே வானம் நாவல் பழச் சாறு போல் ஆகிக்கொண்டு வந்தது. கூழைக்கடாக்கள் ஒரு வரிசையாகத் தண்ணீருக்கு ஒட்டியபடி பறந்து போயின. அந்தப் பிள்ளை தன் புருஷனின் கையைப் பிடித்தாள். "மாஷா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னாள். நானும் அவள் பார்த்த பக்கம் பார்த்தேன். வானம் இருந்தது. பறவைகள் இருந்தன. இது அழகு என்று எனக்குத் தெரிந்தது, ஒரு பாஷை தெரியாதவனுக்கு அது பாஷை என்று மட்டும் தெரிவது போல.

போகும்போது அவர்கள் ஒரு போத்தல் தேன் தந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சொல்லிச் சொல்லி இன்னும் ஆட்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்து வங்கி வேலைக்காரர்கள், பிறகு உண்மையாகவே ஒரு வெள்ளைக்காரச் சோடி. எல்லோரும் மட்டக்களப்பு வாவியில் இருப்பதாகச் சொல்லும் பாட்டுப் பாடும் மீன் எங்கே என்று கேட்டார்கள். மச்சாள் சலிக்காமல், "அது டவுன் பாலத்தடியில, இஞ்ச உள்ளது பாடாது, பொரிச்சாத்தான் சத்தம் போடும்" என்பாள். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. சமைப்பாள், பேசுவாள், போனில் படம் எடுத்துப் போடுவாள். குவைத்திலிருந்து வந்த நாளில் இருந்ததை விட முகம் தெளிந்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மாரி வந்தது. அந்த வருஷம் மழை நிற்காமல் பெய்தது. மேற்கே குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய, வயல் வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கியது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்ததால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே வந்தது. தீவு ஒவ்வொரு நாளும் சின்னதானது. மணல் நாக்குப் போனது, கண்ணா மரங்களின் வேர் போனது, பிறகு கீழ்ப்பக்கக் கபானாவின் படி போனது. ஆட்கள் வருவது எப்போதோ நின்றிருந்தது. மெத்தைகளையும் காஸ் சிலிண்டரையும் மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று மச்சாள் ஒரு காலை வந்தாள். வந்து கொஞ்ச நேரத்தில் வாடைக்காற்று எழும்பியது. வாவியில் கடல் போல் அலை. அவளைக் கொண்டுவந்த தோணிக்காரன் பயந்து உடனே திரும்பிவிட்டிருந்தான். எங்களுடைய பைபர் போட் மட்டும் தீவின் மேற்குக் கரையில் கட்டிக் கிடந்தது. அந்தக் காற்றில் அதை எடுக்க முடியாது.

"நிக்கட்டும், பின்னேரம் காத்து விழும்" என்றாள். விழவில்லை.

அன்றும் மறுநாளும் நாங்கள் மேல் கபானாவில் இருந்தோம். அவள் உள்ளே மெத்தைகளுக்கு நடுவில், நான் வெளித் தாழ்வாரத்தில். எங்கிருந்தோ பாம்புகள் மேட்டுக்கு ஏறி வந்தன. ஒரு எருமையும் கன்றும் நீந்தி வந்து வதனமார் கல்லடியில் நின்றன. அவள் அரிசியும் பருப்பும் போட்டுக் கஞ்சி வைத்தாள்.  மழை கிடுகில் விழும் சத்தம் மட்டும்.

மறுநாள் பகல் போட்டின் கயிறு இறுகி இழுபடும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறியதில் கட்டின மரமே அசைந்துகொண்டிருந்தது. போட் போனால் எல்லாம் போகும். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மச்சாள் பின்னாலிருந்து, "அத்தான் போகாதிங்க, விடுங்க, போனாப் போகுது!" என்று கத்தினாள். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. கயிற்றைத் தென்னைக்கு மாற்றிக் கட்டிவிட்டேன். திரும்பும்போது காலடிச் சேறு சட்டென்று இல்லாமல் போனது.

தண்ணீர் என்னை இழுத்தது. பழுப்புத் தண்ணீர், உள்ளே ஒன்றும் தெரியாது. மூக்கிலும் வாயிலும் சேறு. கை எதிலோ பட்டது, கண்ணா மரக்கொப்பு. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போது எனக்குப் பயம் வந்தது.  சத்தம் போட்டேன். என்ன சத்தம் என்று தெரியாது, சொல் இல்லை, வெறும் சத்தம். மனைவி போன நாளிலிருந்து இருந்தால் என்ன, செத்தால் என்ன என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை என்று அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது தெரிந்தது. எனக்குச் சாகப் பயமாக இருந்தது.

மச்சாள் ஒரு நீளக் கம்பை நீட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்து நின்றாள். அதைப் பிடித்துக் கரையேறினேன். அவள் என்னைத் திட்டினாள். குவைத்தில் கற்ற அரபு வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. பிறகு நனைந்த சேலையோடு உட்கார்ந்து குலுங்கி அழுதாள். "அக்காவும் போய், நீங்களும் போனா, நான் ஆரிட்டப் போய்ச் சொல்ற?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் வரை அந்தப் பயம் இருந்தது. அது அடங்கியதும், எல்லாம் முன்பு போலவே ஆகிவிட்டது. ஏதாவது மாறியிருக்கும் என்று அடுத்த நாள் காலை எழும்பி என்னையே பார்த்தேன். மாறவில்லை.

முகத்துவாரத்தை வெட்டி விட்டார்கள். தண்ணீர் கடலுக்குள் பாயத் தொடங்கியதும் மளமளவென்று இறங்கியது. தோணிக்காரன் வந்து எங்களை ஏற்றினான். கரையில் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு கிழமைக்குப் பிறகு மகள் என் அறைக்கு வந்து கட்டிலின் கரையில் உட்கார்ந்தாள். மருமகன் மெதுவாக முற்றத்துக்கு இறங்கிப் போனான். அவள் சொல்ல வந்ததைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அப்பா, சனம் கதைக்கிது."

"என்னெண்டு?"

"சின்னம்மாவையும் ஒங்களையும்தான். நான் பிழையா ஒண்டும் நினைக்கல்ல. அம்மா இல்ல. சின்னம்மாவும் தனிய. நீங்க விருப்பமெண்டா முடிங்க, எங்களுக்குச் சந்தோசம். இல்லாட்டி இனி வீட்டில இருங்க. ரெண்டும் இல்லாம இரிக்க ஏலா."

"ஆரு சொன்ன?"

"எல்லாரும்தான் அப்பா."

எங்கள் வழமையில் இது புதிதல்ல. மனைவி போனால் அவளுடைய தங்கையை முடிப்பது ஊரில் நடக்கிற காரியந்தான். மகளின் குரலில் கோபமும் இல்லை. நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் மச்சாளின் வீட்டுக்குப் போனேன். அவள் பின்பக்கக் குழாயடியில் குந்தி செப்பலி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்க முதலே, "தெரியும்" என்றாள். "என்னட்டயும் வந்து கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒங்களட்டக் கேக்கச் சொன்ன நான்." மீனைத் திருப்பினாள். "இப்ப நானே கேக்கிறன். என்னில ஒங்களுக்கு விருப்பம் ஏதும் இரிக்கா அத்தான்?"

"தெரியா."

"தெரியாட்டி இல்லயெண்டுதான்."

"அப்பிடி இல்ல புள்ள. ஒண்டிலயும் வருகுதில்ல. திங்கிற சோத்தில கூட இல்ல."

அவள் கத்தியை வைத்தாள். "அது எனக்குத் தெரியும். ஒரு நாள் வேணுமெண்டே உப்பில்லாம ஆக்கித் தந்த நான். பிளேட்ட வழிச்சுத் திண்டிட்டு எழும்பிப் போறிங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது போல இருந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப வேணாம் அத்தான். ஒருத்தன் நான் அனுப்பினத்தத் திண்டிட்டுப் போயிட்டான். மற்ற ஆள் என்னத்த ஆக்கி வைச்சாலும் தெரியாம இருந்தா, அதுக்கு எனக்கு ஏலா."

அவள் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது. நான் பார்க்கவில்லை. அவளுடைய மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். போகும்போது பாதி மீனை ஒரு பையில் போட்டுத் தந்தாள். "மகளிட்டக் குடுங்க, புளியாணம் வைக்கட்டும்."

நான் வீட்டில் இருந்தேன். மகளுக்கு நிம்மதி. மருமகன் மறுபடி கதிரையை விட்டு எழும்பத் தொடங்கினான். தீவில் மச்சாள் ஒரு கூலிப் போட்காரனை வைத்துக்கொண்டு நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அறையில் படுத்திருக்கும்போது சில நாள் தண்ணீர் கரையில் அடிக்கும் சத்தம் கேட்பது போல் இருக்கும், எழும்பிப் பார்த்தால் மின்விசிறி. அதைத் தேடினேன் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சத்தம் இல்லை என்பது தெரிந்தது.

சித்திரை கழிந்து ஒரு காலை மச்சாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அத்தான், ஆக்கள் வந்து கரையில நிக்கிறாங்க. போட்காரன் குடிச்சிட்டுக் கிடக்கான். நீங்க வாங்க."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கலியாணம் பேசக் கூப்பிடல்ல. போட் ஓட்டத்தான்."

போனேன். அன்று முழுவதும் அந்த ஆட்களை ஏற்றி இறக்கினேன். பின்னேரம் மச்சாள் என்னிடம், இப்படியே தொடர்ந்து வர முடியுமா என்று கேட்டாள். தீவில் படுக்க மாட்டேன் என்றேன். ஊருக்குத் தினம் போய் வருவதும் தூரம். கடைசியில் படுவான்கரைப் பக்கம், இறங்குதுறைக்குக் கிட்ட, ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கிடைத்தது. கடைக்காரரும் மனைவியும் முன்பக்கம் இருந்தார்கள். காலையில் அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுத் தீவுக்கு வருவேன். வெயில் சாய்ந்ததும் திரும்பிப் போவேன். மகளிடம் சொன்னேன். "அது பரவால்ல" என்றாள். ஊர்ப் பேச்சு கொஞ்ச நாள் இருந்தது, பிறகு வேறு பேச்சு வந்து இது போய்விட்டது.

இப்போதும் அப்படித்தான் போகிறது. நாலு கபானா ஆகிவிட்டது. ஆட்கள் கேட்கும் குருவிகளின் பெயர் சிலது நானும் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். கோடையில் எருமைகள் வந்தால் கம்பை எடுத்துக்கொண்டு செவ்வரத்தைக்கு முன்னால் நிற்கிறேன். மச்சாள் சமைக்கிறாள். உப்புக் குறைந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறாள். சில நாள் சொல்கிறேன்.

போன ஆவணியில் மகளும் மருமகனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் வந்தார்கள். தீவின் பாதி அவளுடையது என்றாலும் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. எது எங்கள் பாதி என்று கேட்டாள். யாரும் எல்லை போட்டதில்லை. கிணறு நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள் மச்சாள். இறாலும் சோறும் எருமைத் தயிரும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நாவலின் நிழலில் பாய் போட்டு இருந்தோம். பிள்ளை பாயில் தவழ்ந்து மணலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

"அம்மா இஞ்ச வாறவவா சின்னம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஒரே ஒருக்காத்தான். சின்னனில. தேங்கா பறிக்க எங்கட அப்பா ரெண்டு பேரையும் தோணியில ஏத்திக்கொண்டு வந்தவர். அக்கா வழி முழுக்க என்ர கையப் புடிச்சிக்கொண்டு கத்தினவ. அவவுக்குத் தண்ணியெண்டாப் பயம். மறுகா தலகீழா நிண்டாலும் வர மாட்டனெண்டிட்டா."

"அப்பா, ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். களைப்பில் நித்திரை என்று நினைத்திருக்கிறேன். அத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் அழுதாள். மச்சாள் அவளுடைய முதுகைத் தடவினாள். நான் எனக்குள் ஏதும் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்புக்கு நடுவில் ஏதோ இறுகியது. சாப்பாடாகவும் இருக்கலாம்.

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மணலைத் தட்டிவிட்டேன். கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. மேற்கே வயல் பக்கம் புழுதி தெரிந்தது.

"காத்துக் கூடிறதுக்கு முதல் போவம்" என்று மருமகனிடம் சொன்னேன். அவன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.